பன்னிரண்டாவது பந்து... பத்தாவது கட்டை!

ட்ரிங் ட்ரிங்...

ட்ரிங் ட்ரிங்...

கவுன்ட்டரில் இருந்த போன் விடாமல் அலறியது. பத்தடி தூரத்தில் இருபத்தாறு பேர் இருந்தார்கள்.

ஒருத்தரும் எடுக்கவில்லை!

யாருக்கும் காது மந்தமில்லை. புதன்கிழமை காலை, பதினொன்று அடித்து ஐந்து நிமிஷம். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஜெலின்ஸ்கி லேன்ஸ் என்ற பௌலிங் கூடத்தின் ஏழாவது லேனில், நீண்ட மரத் தடத்தின் முனையில், மர்லீன் பூஃபால் பந்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வயது எழுபத்தொன்று. முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷி.

இதுவரை பதினோரு பந்து உருட்டியிருந்தாள். பதினோரு தடவையும் பத்துக் கட்டையும் சாய்ந்துவிட்டன. இன்னும் ஒரே ஒரு பந்து... அதிலும் பத்தும் விழுந்தால் முந்நூறு! அதற்கு மேல் இந்த ஆட்டத்தில் எண்ணே கிடையாது.

விஸ்கான்சின் மாநிலத்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட ஒன்று தெரியும். ஒருத்தர் முந்நூறைத் துரத்தும்போது பேசக்கூடாது. இடம் மாறி உட்காரக்கூடாது. கையிலிருக்கும் காபிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூடாது. வீடே பற்றி எரிந்தாலும் பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர்!

இதில் போனாவது, கீனாவது!

அந்த மௌனத்துக்காகத்தான் ரோமன் ஐந்து வாரமாகக் காத்திருந்தான்.

ரோமன் ஜெலின்ஸ்கி. ஐம்பத்தைந்து வயது. இந்தக் கூடத்து முதலாளியின் மூத்த மகன், சாய்ந்த கட்டைகளை அள்ளி மறுபடி நிறுத்தும் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அந்த நிமிஷம் அவன் கூடத்தின் வெளியே, கார்கள் நிற்கும் பனித் திடலில், கோட்டுகூட இல்லாமல் பின்கதவிலிருந்து முன்கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் தங்கை பெர்னியைத் தீர்த்துக்கட்டப் பின்மண்டையில் ஓங்கிப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

ட்ரிங் ட்ரிங்...

கதவிடுக்கு வழியாகக் கசிந்த சத்தத்தில் அவன் கால் அப்படியே நின்றது.

வெளியிலிருந்து வரும் போன் என்றால் நீளமாக ஒரே மணி. இரட்டை மணி என்றால் மிஷின்கள் இருக்கும் பின்கட்டிலிருந்து! அந்த ஒயரை இழுத்தவனே அவன்தான்.

'சாகலையா அவ?!'

திரும்பிப் போய் இன்னொரு போடு போடலாமா? நேரமில்லை. பந்து உருண்டு முடிவதற்குள் அவன் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும்.

"எடுக்காதீங்க... யாரும் எடுத்துடாதீங்க..." என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான்.

எடுக்கவில்லை. போன் ஓய்ந்தது.

ரோமன் மூச்சு விட்டான்.

◆

இரண்டு வருஷம் முன்பு அந்த இடம் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும்.

பதினாறு லேனில் ஒன்பது இருட்டு. பதினாலாவது லேனில் கூரை ஒழுகி, வாளி வைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் நாற்பது அணிகள் வாரம் தவறாமல் ஆடிய கூடத்தில் ஏழுதான் மிச்சம். அப்பா செஸ்டர் ஜெலின்ஸ்கி, எழுபத்தொன்பது வயது, இடத்தை ஒரு கார்ப்பெட் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மின்னியாபொலிஸில் ஹோட்டல் மேனேஜராக இருந்த மகள் வந்து இறங்கினாள். பெர்னி. ரோமனைவிடப் பதினோரு வயது சின்னவள்.

"ஆறு மாசம் குடுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

ரோமன் கைகொட்டிச் சிரித்தான்.

"ஹோட்டல்ல மெத்தை விரிச்சவளுக்கு லேனுக்கு எண்ணெய் எப்படி விடணும்னு தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் நீ இருக்கியே!"

"ஓஹோ! நான் எண்ணெய் விடணும், நீ பேர் வாங்கணும். அப்படித்தானே?"

சொன்னபடியே நடந்தது!

பெர்னி கூரையை மாற்றினாள். காலை வேளையில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி லீக் வைத்தாள். காபியும் ஆப்பிள் கேக்கும் இலவசம். அப்பா கைவிட்டிருந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஏரி மீனும் கம்பு ரொட்டியும் தின்ன ஊரே வாசல்வரை வரிசையில் நின்றது. பழைய கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கினாள். வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் பளிச்சென்று மயில்நீலச் சட்டை.

"ஐஸ்கிரீம் விக்கறவன் சட்டை மாதிரி இருக்கு. செத்தாலும் போட மாட்டேன்" என்றார் அப்பா.

"நானும்தான்!" என்றான் ரோமன்.

அப்புறம் அந்த நோட்டீஸ் போர்டு. ஷூ வாடகைக்குக் கொடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வாராவாரம் அவள் கைப்பட எழுதிய நோட்டீஸ் தொங்கும்.

ரோமன் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. கடன்காரனைக் கண்டவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

"முப்பது வருஷமா மிஷினுக்குள்ள கைய விட்டவன் நான். இவ எழுதி நான் படிக்கணுமோ?"

முடிவெட்டப் போனால் அங்கேயும் பெர்னிதான்!

"உன் தங்கச்சி வந்தா... எடத்துக்கே உயிர் வந்துடுச்சு, ரோமன்!"

"மிஷினையெல்லாம் யாரு பாத்துக்கறான்னு நெனைக்கற?"

"மிஷினா? அது பாட்டுக்கு ஓடுது!"

அன்றைக்குப் பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டான்.

போன மாசம் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் போட்டார்கள். நடுவில் பெர்னி, ஈ என்று பல் தெரிய. ஓரத்தில் பாதி முகத்தோடு ரோமன். கீழே எழுதியிருந்தது: 'பெர்னி ஜெலின்ஸ்கியும் ஊழியர்களும்.'

ஊழியர்கள்!

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வயிறு எரியாத நாளில் எடுத்துப் படிப்பான். உடனே எரியும்.

பழைய புண் ஒன்றும் உண்டு. முப்பது வருஷம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த மாசம், இதே ஏழாவது லேனில் ரோமன் பதினோரு தடவை பத்தும் சாய்த்தான். பன்னிரண்டாவது பந்தில் ஒன்பது விழுந்தன. வலது மூலையில் நின்ற பத்தாவது கட்டை ஆடியது... ஆடியது... நின்றுவிட்டது. 299! முந்நூறு போட்டால் அடிக்கும் வெண்கல மணி அன்றைக்கு அடிக்கவில்லை.

அப்போது கவுன்ட்டர் மேல் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் பதினாலு வயது பெர்னி.

"கொள்ளிக்கண்ணு! உன் கண்ணு பட்டுதான் நின்னுச்சு! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அன்றிலிருந்து யார் முந்நூறைத் துரத்தினாலும் பெர்னி அங்கே நிற்க மாட்டாள். பின்கட்டுக்குப் போய், எண்ணெய் டப்பாக்கள் இருக்கும் மூலையில் சுவரைப் பார்த்து நிற்பாள். நாற்பத்து நாலு வயதிலும் அதுதான் பழக்கம்.

ரோமனுக்கு அது போதுமாக இருந்தது!

ஐந்து வாரம் முன்பு அப்பா சொன்னார். "ஒரு நல்ல நாள் பாத்து எடத்த எழுதி வைக்கப்போறேன்."

"யாருக்கு?"

"அன்னிக்குத் தெரிஞ்சுக்க."

பத்து நாள் முன்பு பெர்னி போனில் குசுகுசுப்பதையும் கேட்டுவிட்டான். "புதன்கிழமைதான். கையெழுத்து ஆயிடுச்சு. ரோமனுக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா எல்லாம் கெட்டுடும்!"

முப்பது வருஷ உழைப்பு. கடைசியில் 'ஊழியர்கள்'. அவள் இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்குப் போகும்?

திட்டம் சுலபம். பழைய மிஷின்கள் எப்போதாவது ஒரு கட்டையைப் பின்பக்கமாக எகிறி அடிக்கும். அதைத் தடுக்கும் வலையை ஏழாவது மிஷினிலிருந்து கழற்றி வைத்தான். பின்கட்டு பல்பைத் திருகி எடுத்தான். விபத்து என்று சொல்லிவிடலாம். அந்நேரம் அவனைத் தேட ஒரு கண்ணும் இருக்காது; எல்லாக் கண்ணும் லேன்மேல்.

வேண்டியது முந்நூறைத் துரத்தும் ஒரு ஆள். இன்றைக்கு மர்லீன் வந்து சேர்ந்தாள்!

மிஷினுக்குப் பின்னால் நின்று எண்ணினான். எட்டு... ஒன்பது... பத்து...

கதவு திறந்தது. இருட்டில் மயில்நீலச் சட்டை. தலையில் தொப்பி. அவனுக்கு முதுகைக் காட்டி, எதையோ தேடுவதுபோல் நின்றது.

ரோமன் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தான்.

ஒரே அடி! மிஷின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. கட்டையைப் பக்கத்தில் உருட்டிவிட்டு வெளியே ஓடினான்.

◆

டாங்... டாங்... டாங்!

முன்கதவில் கை வைத்த நேரம் உள்ளே வெண்கல மணி முழங்கியது. ஓவென்று ஆரவாரம்.

'போட்டுட்டா கிழவி! முந்நூறு!'

அந்த நிலையிலும் ரோமனுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு அடிக்காத மணி!

நுழைந்தான். எல்லாரும் மர்லீனைக் கட்டிப்பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவனும் கைதட்டினான். நன்றாகச் சத்தமாகவே தட்டினான்.

அப்போதுதான் மணிக்கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

மயில்நீலச் சட்டை...

பெர்னி!

உயிரோடு, சிரித்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீரோடு நின்றாள்!

ரோமனின் கை பாதித் தட்டலில் அந்தரத்தில் நின்றது.

"என்ன ரோமன், பேயக் கண்டவன் மாதிரி முழிக்கற?"

"நீ... நீ பின்னாடி போகலையா?"

"போகத்தான் கிளம்பினேன். இந்த மர்லீன் கையப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேன்னுட்டா!"

"ஆமா, கண்ணு!" என்றாள் மர்லீன். "ஐஸ் ரோட்டுல நாப்பது பிள்ளைங்கள வெச்சு பஸ் ஓட்டினவ நான். ஒரு பொண்ணு பாத்தா எனக்கு என்ன ஆயிடும்? இங்கயே நில்லுடின்னு நிக்க வெச்சேன்!"

ரோமன் பின்கட்டுக் கதவைப் பார்த்தான்.

'அப்படின்னா நான் அடிச்சது... யாரை?'

"ஆமா, நீ எப்படி இங்க வந்த?" பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா உன்னத் தேடித்தானே பின்னாடி போனாரு?"



"அப்பாவா?"

"போயி அஞ்சு நிமிஷம் ஆச்சே! இரு... கொஞ்சம் முன்னாடி போன்கூட அடிச்சதே... ரெட்டை மணி..." அவள் முகம் மாறியது. கவுன்ட்டருக்கு ஓடினாள். லேன்களின் மின்சாரத்தை மொத்தமாக அணைத்தாள். மிஷின்கள் ஓய்ந்தன. திரைகள் எல்லாம் கறுத்தன. பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தாள்.

அடுத்த நொடி அவள் அலறல்!

"அப்பாஆஆ!"

◆

செஸ்டர் சாகவில்லை.

கம்பளித் தொப்பி பாதி அடியை வாங்கிக்கொண்டது. தொங்கும் போன் ரிசீவரைப் பிடித்தபடி சுவரோரம் சாய்ந்து கிடந்தார். தலையில் ரத்தம். ஜன்மத்தில் போட மாட்டேன் என்ற மயில்நீலச் சட்டையிலும் ரத்தம்.

ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போது கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா... போன் அடிச்சேனே... எவனும் எடுக்கல?"

"மர்லீன் பதினொண்ணு போட்டிருந்தாப்பா... பன்னண்டாவது பந்து..." பெர்னி விம்மினாள்.

"ஓ..." கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப சரி."

அவரைக் கொண்டுபோனார்கள். பெர்னியும் ஏறப் போனாள். "நீ இங்க இரும்மா, ரெண்டு கேள்வி. அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று தடுத்தவர் ஷெரீப் ஆபீஸின் போலீஸ்காரர் டுவேன் லிண்ட். பெரிய தொப்பை, சின்னக் கண். வியாழக்கிழமை லீக்கில் பதினைந்து வருஷமாக ஆடுபவர்.

ரோமன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அழுதுகொண்டிருந்தான். நடிப்பில்லை, நிஜமாகவே!

'அப்பா முகத்தப் பாக்காம அடிச்சிட்டேனே... பாவி!'

ஆனால் அழுகையினூடே மூளை வேலை செய்தது. அப்பாவுக்கு முதுகுப்பக்கம் அடி. அவர் எதையும் பார்த்திருக்க முடியாது.

"மிஷின்தான் எகிறி அடிச்சிருக்கணும், டுவேன். வலை கழண்டு கெடக்கு. புது வலை வாங்குன்னு எத்தனை தடவை சொன்னேன், இவ கேட்டாத்தானே!"

"எப்ப சொன்ன?" என்று பெர்னி சீறினாள்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க." டுவேன் கையுறை போட்ட கையில் ஒரு கட்டையைத் தூக்கிக் காட்டினார். கட்டையின் கழுத்தில் இரண்டு சிவப்பு வளையம். "இதுதான் பக்கத்துல கெடந்தது. பெர்னி, இப்ப உங்க மிஷின்ல ஓடற கட்டைக்கு என்ன கலர் வளையம்?"

"நீலம். அக்டோபர்ல எல்லாத்தையும் மாத்திட்டேன். செவப்பு அத்தனையும் குப்பைக்குப் போயிடுச்சு."

"குப்பைக்குப் போகல போலிருக்கே. யாரோ ஆசையா எடுத்து வெச்சிருக்காங்க. சரி, மிஷின்கிட்ட இல்லாத கட்டைய மிஷின் எப்படி எறியும்?"

எல்லாரும் அந்தக் கட்டையையே பார்த்தார்கள். பழைய கட்டைகளை ஒரு பெட்டி நிறையக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த ரோமனும்தான்.

"ஆக, அடிச்சது கை. யாரு கை? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மர்லீன் கடைசிப் பந்தை உருட்டறப்ப யாரு எங்க இருந்தீங்க?"

"நாங்க அத்தனை பேரும் இங்கதான்!" என்றாள் மர்லீன். "மூக்கு அரிச்சாக்கூட சொறியலையே!"

"ரோமன்?"

"நானும் இங்கதான். ஒன்பதாவது தடவை பத்தும் சாய்ஞ்சப்பவே முன்னாடி வந்துட்டேன். கதவுகிட்ட நின்னேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"பாக்க மாட்டாங்க! முந்நூறு ஓடறப்ப எவன் திரும்பிப் பாப்பான்? உனக்கே தெரியும்."

டுவேன் தலையாட்டினார். அவருக்கே தெரியும்.

அங்கே நிறுத்தியிருந்தால் ரோமன் பிழைத்திருப்பான். விதி யாரை விட்டது?

"கடைசி வரைக்கும் கண்ணால பாத்தேன், டுவேன்! கை உதறாம விட்டா பாரு பந்தை... அப்படியே வளைஞ்சு போயி... படார்! பத்தும் ஒண்ணா பாய் விரிச்ச மாதிரி படுத்துடுச்சு! முந்நூறு! இந்த லேன்ல நான் போட முடியாத முந்நூறு! கைதட்டிக் கைதட்டி உள்ளங்கையே எரியுது!"

கூடம் அமைதியாகிவிட்டது. பன்னிரண்டாவது பந்துக்கு முன்பிருந்த அதே அமைதி.

மர்லீன் மெல்ல எழுந்து வந்தாள்.

"என்ன சொன்ன, கண்ணு? எத்தனை?"

"முந்நூறு..."

"இருநூத்தித் தொண்ணூத்தொம்பது."

"என்னது?!"

"ஒம்பதுதான் விழுந்துச்சு. வலது மூலையில பத்தாவது கட்டை ஆடிச்சு, ஆடிச்சு... நின்னுடுச்சு. உனக்கு நின்ன மாதிரியே." அவள் லேனின் மூலையைக் காட்டினாள். "இங்க நின்ன இருபத்தஞ்சு பேரும் 'அய்யோ'ன்னு தலையில கை வெச்சாங்களே. நீ எந்தக் கதவுகிட்ட நின்ன?"

ரோமன் லேனின் மேலிருந்த திரையைப் பார்த்தான். கறுப்பாக இருந்தது.

"பொய்! மணி அடிச்சுச்சே! நான் கேட்டேனே! முந்நூறு போட்டாத்தானே அந்த மணி அடிப்பாங்க? என் காதால கேட்டேன்!"

"கண்ணால பாத்தேன்னு சொன்னியே?" என்றார் டுவேன் சாவதானமாக. "இப்ப காதுக்கு வந்துட்ட!"

 

பெர்னி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நேராகப் போய் நோட்டீஸ் போர்டிலிருந்து ஒரு தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். அவன் மடியில் போட்டாள்.

"படி."

"பெர்னி..."

"ஒரு தடவையாவது நான் எழுதினதைப் படி!"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரோமன் தங்கையின் கையெழுத்தைப் படித்தான்.

'எல்லாருக்கும்! அடுத்த புதன் பகல் 12 மணிக்கு நம் ரோமனுக்கு இங்கே முப்பது வருஷம் நிறைகிறது. கேக் உண்டு. அவன் இல்லாவிட்டால் இங்கே ஒரு மிஷினும் ஓடாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாரும் மயில்நீலச் சட்டையில் வரவும். (அப்பா, நீங்களும்தான்!)

அன்று முதல் மணி முந்நூறுக்கு மட்டும் இல்லை. தன் பழைய கணக்கைத் தாண்டும் யாருக்கும் அடிக்கலாம். முதல் மணி ரோமனின் 299-க்கு. முப்பது வருஷம் தாமதம், மன்னிக்கவும்.

முக்கியம்: ரோமனிடம் மூச்சு விடக்கூடாது!

பெர்னி.'

எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கலங்கின.

"இத... இத எங்க ஒட்டி வெச்சிருந்த?"

"போர்டுலதான். பத்து நாளா! ஊரே படிச்சுது!" பெர்னி கத்தினாள். "ரகசியத்த எங்க ஒளிச்சு வைக்கறதுன்னு அப்பா கேட்டாரு. போர்டுலயே ஒட்டுங்கப்பா, நம்ம கட்டடத்துலயே அவன் கண்ணு படாத எடம் அது ஒண்ணுதான்னு நான்தான் சொன்னேன்! பன்னண்டு மணி வரைக்கும் உன்னப் பேச்சுக் குடுத்துப் பின்னாடியே வெச்சிருக்கத்தான் அவரு அந்தச் சட்டையோட வந்தாரு. இதுக்காக மட்டும் போட்டாரு!"

"மணி..."

"மர்லீன் அப்படி நின்னதைப் பாத்ததும் எனக்கு நீ நின்னது ஞாபகம் வந்துடுச்சு. தாங்க முடியல. பன்னண்டு மணி வரைக்கும் பொறுக்காம அடிச்சுட்டேன்!"

டுவேன் செருமினார். "அப்பா சட்டைப்பையில இது இருந்தது" என்று ரத்தம் தோய்ந்த ஒரு கவரை நீட்டினார். "இந்த எடத்தோட பத்திரம். பாதி உன் பேர்ல, பாதி இவ பேர்ல. உன் பேர்தான் மேல இருக்கு."

"பாதி ரோமனுக்கு இல்லன்னா எனக்கும் வேண்டாம்னேன்" என்றாள் பெர்னி. "கேக் வெட்டினதும் கையில குடுக்கலாம்னு இருந்தோம்."

ரோமன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான். ஐம்பத்தைந்து வயது ஆம்பிளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான். பல்பு, வலை, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டி, சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் தாள்.

"யார்னு நெனைச்சு அடிச்ச?" என்று டுவேன் கேட்டார்.

ரோமன் தங்கையின் சட்டையைப் பார்த்தான்.

பெர்னி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கூட்டிப்போகிறேன் என்ற டுவேனுக்காகக்கூட நிற்கவில்லை.

டுவேன் விலங்கை எடுத்தார்.

க்ளிக்!

ஷூ அலமாரிக்கு மேலிருந்த கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. மேஜைமேல் கேக் இருந்தது. முப்பது மெழுகுவர்த்தி குத்தி, ஒன்றும் ஏற்றாமல்.

மர்லீன் தளர்ந்த நடையோடு போய் மணிக்கயிற்றைப் பிடித்தாள்.

"மர்லீன், இப்ப எதுக்கு?" என்றார் டுவேன்.

"போர்டுல போட்டிருக்கே, பன்னண்டு மணிக்கு இவனோட 299-க்குன்னு. போட்டது போட்டதுதான்."

டாங்!

ஒரே ஒரு மணி. முப்பது வருஷமாக ரோமன் கேட்கக் காத்திருந்த மணி. யாரும் கைதட்டவில்லை.

டுவேன் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"கெளம்பு, ரோமன். எங்க எடத்துலயும் ஒரு நோட்டீஸ் போர்டு இருக்கு. அதையாவது படி... சாப்பாட்டு நேரம் போட்டிருக்கும்!"